முந்திரி உடைத்த விரல்

அடுத்த வீட்டில் விழும் அடியைச் சுவரில் காது வைக்காமலே எண்ணிவிடலாம். அன்று பதினொன்று. ஆறு கையால், ஐந்து ஏதோ கட்டையால். சத்தம் வேறு மாதிரி இருந்தது. நான் எழுந்து போகவில்லை. எழுபத்து நான்கு வயது, இரத்த அழுத்தம், வளையாத முழங்கால் என்று மூன்று காரணம் வைத்திருந்தேன்.

அடித்தவன் மகன். அடிபட்டவள் அவனைப் பெற்றவள். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஊரில் முப்பது வருடமாக முந்திரி உடைப்பவள். வறுத்த கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரலைத் தின்றுவிடும். தோல் கறுத்து உரிந்து, பத்து விரலிலும் ரேகை இல்லை. ரேஷன் கடைக் கருவிக்கு அவளை அடையாளம் தெரியாது. ஒருநாள் எட்டுத் தடவை விரலை வைத்தாள். எட்டும் சிவப்பு விளக்கு. வெறும் பையோடு திரும்பினாள்.

யோசனை சொன்னது நான். முப்பத்தொரு வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவன், விதிகளைப் படிப்பவன்.

"கார்டுல பேரு உள்ள யாரு வேணாலும் வைக்கலாம்மா. ஒங்க மகனையே வைக்கச் சொல்லுங்க."

அந்த மாதத்திலிருந்து அரிசி அவன் கைக்குப் போனது. அங்கிருந்து தீவனமாகக் கோழிப்பண்ணைக்கு. திரும்பி வந்தது சாராய பாட்டில். கேட்டால் அடி. "ரேகை இல்லாத முண்டைக்கு எதுக்கு அரிசி?" என்று அவன் கத்துவது எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

அவளுக்குச் சர்க்கரை நோய். மாதம் தவறாமல் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவாள். மாத்திரை வந்தது, சோறு இல்லை. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு இரண்டு முறை முந்திரிக் கொட்டகையில் மயங்கிச் சரிந்தாள். இரண்டாம் முறை வறுக்கும் சட்டியின் விளிம்பில் நெற்றி மோதிப் பிளந்தது. ஐந்து தையல். "சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்கம்மா" என்றார் தையல் போட்ட டாக்டர். அவள் என்னைப் பார்த்தாள். நான் தையலைப் பார்த்தேன்.

பிறகு ரேஷன் கடைக்கு, ரேகைக்குப் பதிலாகக் கண்ணைப் படம் பிடிக்கும் கருவி வந்தது. கேள்விப்பட்டதும் அவளிடம் போய்ச் சொன்னேன். அவனும் கேள்விப்பட்டிருக்கிறான். அந்தப் பதினொரு அடி அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை அவளோடு கடைக்கு நடந்தேன். வலது கண் வீங்கி, நாவற்பழ நிறத்தில் முழுதாக மூடியிருந்தது. வரிசையில் பதினான்கு பேர். கருவியைத் தூக்கிய கடைக்காரர் இறக்கிவிட்டார்.

"ஆத்தா, கண்ணு தொறக்கலையே. வீக்கம் வத்துனதும் வாங்க."

"இங்கிட்டு ஒன்னு நல்லாத்தான இருக்கு? அதைப் புடிங்க தம்பி. ரெண்டையும் சேத்து மூடத் தெரியல அந்தப் பயலுக்கு."

ஒரு கிழவி மட்டும் சிரித்தாள். கருவி இடது கண்ணை ஏற்றுக்கொண்டது.

அரிசியை அவள் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. என்னைக் கேட்காமலே என் அடுப்படியில் இறக்கி உலை வைத்தாள். சோறு வடிக்கும்போது அவன் வந்துவிட்டான். முதல் கல் ஜன்னல் கண்ணாடியை நொறுக்கியது. இரண்டாவது என் தோளில் விழுந்தது.

"யோவ் வாத்தியாரு! எங்காத்தாளை வெளிய அனுப்பு. இல்லேன்னா ஒம் மண்டையப் பொளந்துட்டு உள்ள வாரேன்!"

தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் உதைத்த ஒவ்வொரு உதையும் என் பல்லில் வந்து இடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் தட்டில் சோறு போட்டு, பக்கத்தில் மாத்திரையை எடுத்து வைத்திருந்தாள்.

"போலீசுக்குப் போன் போடவாம்மா?"

"போடுங்க சார். அதுக்கு முந்தி, நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்னு அவங்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது. வெளியே அவன் அடுத்த கல்லைத் தேடுவது கேட்டது. அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்துக்கொண்டாள்.