'இந்தா' என்று ஒரு வேன்

போன வாரம் வைத்திக்குப்பத்தில், நான் மீன் விற்கும் இடத்தில் ஒரே கலாட்டா. சத்தம் போட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

என் கூடைக்குப் பக்கத்தில் ஒரு தெருநாய் படுத்திருப்பான். பெயர் மிசியே, பிரெஞ்சில் 'ஐயா'. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர்கள் மாதிரி கழுத்தை நிமிர்த்தித்தான் நடப்பான். நான் கொடுக்காமல் ஒரு மீனைத் தொட மாட்டான். நான் டீ குடிக்கப் போன நேரம், ஒரு வேன் வந்து அவனை வலை போட்டுப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

"உன் மிசியே பாரீசுக்குக் கப்பல் ஏறிட்டாரு. இனிமே எங்க திரும்பப் போறாரு?" என்று சிரித்தாள் பக்கத்துக் கூடை செல்வி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடித்துக்கொண்டு போன நாய் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் தினமும் மீன் தலையைத் தனியாக எடுத்து வைத்தேன்... எதற்கு என்று கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை அதே வேன் வந்தது. குறுக்கே போய் நின்றேன். அதன் மேல் பெரிதாக ஒரு பெயர். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பவள் — இ... ந்... தா. இந்தா. சுருக்கென்றது. என் வயசுக்கு என்னை 'இந்தா' என்று கூப்பிட ஒரு வேனுக்கு என்ன தைரியம்?

பெயருக்குக் கீழே செம்மண் நிறத்தில் ஒரு நாய். அதன் முன்னால் நீட்டிய ஒரு கை. நாயின் இடது காதில் முக்கோணமாக ஒரு துண்டைக் காணோம். பெயின்டர் தூங்கிவிட்டான் போல.

ஒரு பெண் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தாள். உள்ளே கூண்டில் மிசியே. உயிரோடு. இடது காதில் அதே முக்கோணம்.

"அடிப்பாவி, காதை அறுத்துட்டியே பாப்பா."

"மயக்க ஊசி போட்டுத்தான் ஆயா. கருத்தடை ஆபரேஷன் ஆச்சு, வெறிநாய் ஊசி போட்டாச்சுன்னு அடையாளம். இந்தக் காதப் பாத்தா யாரும் மறுபடி புடிக்க மாட்டாங்க." வேனைத் தட்டிக் காட்டினாள். "அதான் எங்க படத்துலயும் அதே காது."

யோசித்துப் பாருங்கள். வேறு யாராவது என்றால் ரிப்பன் கட்டிய வெள்ளைக்கார நாய்க்குட்டியைப் போட்டிருப்பார்கள். இவர்களோ நம் தெருநாயை, அறுந்த காதோடு, தங்கள் முகமாக வைத்திருக்கிறார்கள். அப்படி வரையச் சொன்னவருக்கு ஒரு வஞ்சிரத் துண்டு கொடுக்கலாம்.

"சரி, அது இன்னா பேரு, மரியாதை இல்லாம?"

"எங்க போனாலும் நாய்ங்க கேக்கறது 'ச்சீ போ'தானே ஆயா? எதனா குடுக்கும்போது மட்டுந்தான் 'இந்தா'ங்கறோம்."

"படத்துல கை காலியா இருக்கே?"

"வைக்க வேண்டியது நீங்கதான்."

வாய்க்காரிதான். ஆனால் மிசியே வெளியே வரவில்லை. அந்தப் பெண் கெஞ்சியும் கூண்டின் மூலையிலேயே ஒடுங்கி நடுங்கினான். நான் ஒரு சங்கரா மீன் தலையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "இந்தா" என்றேன்.

வந்தான். பாரீசிலிருந்து வருகிற மாதிரியே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

என் வீட்டுக்காரரும் ஆயுசு முழுக்க என்னை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டார் — கையில்தான் ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை.