பயனாளி அக்கா

சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, அதை மேடைப் படிகளில் தூக்கி இறக்கி, கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தவர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "பிரேக் கொஞ்சம் இறுக்கமா இருக்குண்ணே, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக்குங்க," என்றார் பயனாளி அக்கா. நாற்காலி அந்த அண்ணனுக்குத்தான். நடக்க முடியாதவரும் அவர்தான். ஆனால் சக்கர நாற்காலி வழங்கும் மேடைக்குப் படிக்கட்டு மட்டும்தான் கட்டியிருந்தார்கள். சக்கரம் ஏற வழியில்லை. அரசின் பரிவு அதற்காக நின்றுவிட முடியுமா? இரண்டு காலும் திடமாக உள்ள அக்கா மேலே போய் உட்கார்ந்தார், அமைச்சர் தள்ளினார், கூட்டம் கைதட்டியது, அக்கா கண்கலங்கினார். எல்லாம் முறைப்படி நடந்தது.

அக்காவுக்குத் தொழில் காஜா எடுப்பது. தையற்கடைக்காரர் அனுப்பும் சட்டைகளுக்குக் கையால் பொத்தான் துளை தைப்பார். விழாவுக்கும் ஒரு பையில் சட்டைகளோடுதான் வருவார். வரவேற்புரை முடிவதற்குள் ஒரு சட்டை முடிந்துவிடும், தலைமையுரை என்றால் மூன்று. மிஷின் ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டால், "நான் வாங்காத மிஷினா?" என்பார். உண்மை. மேடையில் அவர் வாங்கிய தையல் மிஷின்களை வரிசையாக வைத்தால் ஓர் ஆலையே நடத்தலாம். எல்லாம் அன்றைக்கே உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. இதில் ஊழல் எதுவும் இல்லை என்பதை வாசகர்களுக்கு வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் பதவி அவருக்கு வந்த கதை சுருக்கமானது. ஒரு விழாவில் அசல் பயனாளி ஒருவர், அமைச்சர் மின்விசிறியை நீட்டியபோது, "போன தடவை குடுத்தது சுத்தவே இல்லீங்களே," என்று ஒலிபெருக்கி முன்னால் கேட்டுவிட்டார். நலத்திட்டங்களுக்குப் பயனாளிகளைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை என்று துறை அன்று கண்டுகொண்டது. விழா ஏற்பாடு பார்க்கும் எழுத்தர், விழா நடக்கும் அரங்கத்துக்குப் பின்தெருவில் குடியிருந்த, கூப்பிட்ட குரலுக்கு வருகிற, மேடையில் வாய் திறக்காத அக்காவைப் பிடித்தார். ஊதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். அமைச்சர் தாமதமாக வந்தால் இரண்டு. எனவே தாமதமாக வரும் அமைச்சர்கள் மேல் அக்காவுக்கு மரியாதை அதிகம்.

ஆட்சி மாறும், அக்கா மாறமாட்டார். இங்கே இரண்டே கட்சிகள். ஒன்று பழைய கட்சி. மற்றது புதிய கட்சி. அதற்கு நாற்பது வயதாகிவிட்டது, ஆனாலும் பெயரை விடுவதாக இல்லை. இரண்டுக்கும் உள்ள கொள்கை வேறுபாட்டைப் பேராசிரியர்கள் தடித்தடிப் புத்தகங்களாக எழுதியிருக்கிறார்கள். அக்கா இப்படிச் சொல்கிறார்: "பழைய கட்சிக்கு அழணும், புதுக் கட்சிக்குச் சிரிக்கணும். அவங்க 'காப்பாத்துறோம்'னு சொல்றவங்க, இவங்க 'முன்னேத்துறோம்'னு சொல்றவங்க. மாத்திச் செஞ்சா ரெண்டு பேருக்கும் கோவம் வரும்." மற்றபடி முழங்கையை உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும், அமைச்சர் முகம் மறையக் கூடாது. பொருளை மெதுவாகத்தான் வாங்க வேண்டும். "வெடுக்குனு வாங்கினா பிச்சை மாதிரி தெரியும் தம்பி. மெதுவா வாங்கினா திட்டம்."

கணவர் ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். ஏறிய இடத்துக்கே இறங்கி வரும் தத்துவம் அவருக்கும் அத்துப்படி. "மேடையில நீ வாங்கின மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு வந்திருந்தா இந்நேரம் நான் பால்பண்ணை முதலாளி," என்பார்.

"எங்க கட்டுவீங்க? இந்த ரூம்ல நீங்க கால நீட்டினா நான் மடக்கணும்."

அந்த அறைக்கும் வந்தது வினை. வீட்டுச் சொந்தக்காரர் கட்டடத்தை விற்கப்போகிறார். மாதக் கடைசிக்குள் காலிசெய்யச் சொல்லிவிட்டார். வேறு வீடு பிடிக்கக் கையில் முன்பணம் இல்லை. ஊர்க் கோடியில் வீடில்லாதவர்களுக்கான அடுக்குமாடி தயாராக இருந்தது. அதற்கு அஸ்திவாரம் போட்டது பழைய கட்சி, சுவர் எழுப்பியது புதிய கட்சி, கூரை போட்டது மறுபடியும் வந்த பழைய கட்சி. ஒவ்வொருவரும் வந்ததும் முதல் வேலையாக மற்றவர் தலைவர் படத்தின் மேல் வண்ணம் அடித்து, தங்கள் தலைவரை வரைந்தார்கள். அதிலேயே சுவர் ஒரு விரற்கடை தடித்துவிட்டது. "நல்லதுதான், வெயில் உள்ள வராது," என்றார் அக்கா. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று கேட்டுப் போனார்.

வீட்டுவசதி அதிகாரி ஊருக்குப் புதியவர், நேர்மையானவர். அதனால்தான் சிக்கல்.

"உங்களுக்குத்தான் ஏற்கெனவே வீடு இருக்கேம்மா. நீங்க சாவி வாங்கினதை டிவில நானே பார்த்தேன்."

"அது என் சாவி இல்ல சார். கீழ இறங்கினதும் குடுத்துட்டேன்."

"தேம்பித் தேம்பி அழுதீங்களே."

"பழைய கட்சி விழா சார். அப்படித்தான் அழணும்."

அதிகாரி நம்பவில்லை. அவ்வளவு உருக்கமான அழுகை பொய்யாக இருக்க முடியாது என்பது அவர் கட்சி. சாட்சிக்கு எழுத்தரைக் கூப்பிடலாமென்றால், கூப்பிட்டால் அவர் வேலை போகும். அக்கா கொஞ்சம் யோசித்தார். பையைத் தரையில் வைத்தார். நிமிர்ந்தபோது இரண்டு கண்ணிலும் நீர் முட்டி நின்றது, உதடு துடித்தது, ஒரு சொட்டு சரியாகக் கன்னத்தின் நடுவில் இறங்கியது. அதிகாரி பதறிப்போய்த் தண்ணீர் தம்ளரை நகர்த்தினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல, "இது பழைய கட்சி. புதுக் கட்சிக்குச் சிரிச்சுக் காட்டட்டுமா சார்?" என்றார்.

அதிகாரி அந்தத் தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தார். பிறகு, "அப்ப வீடு இல்லைன்னு சொல்றது?" என்று தயங்கினார்.

"அது ஒண்ணுதான் சார் நெசம்."

வீடு ஒதுக்கப்பட்டது. விழாநாள் குறித்தார்கள். யாரை மேடையேற்றுவது என்ற கேள்வியே எழவில்லை; துறையின் வரலாற்றில் முதல்முறையாகப் பயனாளியாக நடிப்பவரும் பயனாளியும் ஒருவராகவே அமைந்துவிட்டார்கள். எழுத்தருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "இன்னைக்கு நீங்க பிச்சு உதறணும்க்கா," என்றார்.

ஆனால் பெயரைக் கூப்பிட்டதும் அக்கா அவசரமாக எழுந்தார். சட்டைகள் இருந்த பையைக் கீழே வைக்காமல் மேடைக்கே கொண்டுபோய்விட்டார். அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. முழங்கை எங்கேயோ போனது. அமைச்சர் சாவியை முழுதாக நீட்டுவதற்குள், இத்தனை வருடப் பயிற்சியும் காற்றில் போக, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அந்த வேகத்தில் அமைச்சரின் முகம் பையின் பின்னால் மறைந்தது.

புகைப்படக்காரர் கேமராவை இறக்கி உதட்டைப் பிதுக்கினார். "படம் விழலைங்க. இன்னொரு தரம் குடுங்க."

அமைச்சர் பெருந்தன்மையோடு கையை நீட்டினார். "சாவியை இப்படிக் குடும்மா. திருப்பித் தர்றேன்."

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். கீழே நின்ற எழுத்தர், குடுங்கக்கா என்று சைகை காட்டினார். கூட்டம் காத்திருந்தது.

அக்கா சாவியை இடுப்பில் ஆழச் செருகி, மேலே சேலையை இழுத்து மூடினார். பிறகு வெறும் கைகள் இரண்டையும் குவித்து, அமைச்சருக்கு முன்னால் மெதுவாக நீட்டி, கேமராவைப் பார்த்தார்.