சுண்டக்கறியும் ஊசிய சட்னியும்

அன்று எங்கள் பினாங்கு சோற்றுக்கடையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், என் கூட்டாளி, கருங்கல் ஊர்க்காரன் தாசையன், சுகாதார அதிகாரியான ஒரு மலாய்க்காரர். யுத்தம் முடிந்து மூன்றாம் வருஷம். இந்த ஊரில் அடுக்களைக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்க்க அரசாங்கமே ஆள் அனுப்புகிறது. நம்மூரில் அது மாமியார் மட்டும் செய்கிற வேலை.

தேங்காய்ச் சட்னி வெள்ளை வெளேரென்று இருந்தது. "பாகுஸ்" என்றார், நல்லது என்று அர்த்தம். அடுத்து சுண்டக்கறி. மிஞ்சிய அவியலையும் சாம்பாரையும் ஒன்றாய் ஊற்றி, மூன்று நாளாகச் சுண்டவைத்தது. முகர்ந்துவிட்டு "பாசி" என்றார், கெட்டுப்போனது என்று. சுவரில் தொங்கிய லைசென்ஸ் தாளை எடுக்கக் கை நீட்டினார். அது போனால் ஊரில் இரண்டு குடும்பத்துக்குக் கஞ்சியில்லை.

மலாய்க்காரருக்குப் பழையதும் பாசி, கெட்டதும் பாசி. நமக்கு அப்படியா? பழம் அழுகும், மீன் நாறும், மாவு புளிக்கும். சமைத்து வைத்ததுதான் ஊசிப்போகும். அதுவும் பழையதெல்லாம் ஊசியதாகிவிடாது. எங்கள் ஊர் ஆரல்வாய்மொழியில் அக்கா கல்யாணம் முடிந்து ஐந்தாம் நாளும், "ஏட்டி, அடியில பிடிச்சத எனக்கு வச்சியா?" என்று அண்ணன் தங்கச்சியிடம் சுண்டக்கறிக்கு மல்லுக்கு நின்றான். அதே வீட்டில்தான், காலையில் அரைத்த சட்னியை மத்தியானம் விரலால் தொட்டுப் பார்த்து, "நூல் விடுது, ஊசிப்போச்சு" என்று அம்மா கொட்டினாள். ஊசியதை மாட்டுக்கும் வைக்கமாட்டாள்.

நாலாம் வகுப்போடு நின்றவன் இதையெல்லாம் மலாயில் எப்படிச் சொல்ல? அவர் நல்லதென்ற சட்னியில் கரண்டியை விட்டுத் தூக்கிக் காட்டினேன். நூல் விட்டது.

தாசையன் கையைப் பிடித்தான். "ஏலே, உனக்குக் கிறுக்கா? அவரே நல்லதுன்னுட்டாரு, நீ போயி காட்டிக்குடுக்கியா?"

"விடு மக்கா. ஊசினத வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட பேச?"

சட்னியைச் சாக்கடையில் கொட்டினேன். சுண்டக்கறியைக் கொதிக்கவைத்துச் சோற்றில் ஊற்றி, அவர் முன்னாலேயே நின்று ஒரு தட்டு தின்றேன். அவர் காலிச் சட்னிச் சட்டியை முகர்ந்தார், என்னைப் பார்த்தார். தாளிலிருந்து கையை எடுத்தார். ஆனால் நேற்றுச் சமைத்தது இன்று கடையில் இருக்கக் கூடாது என்று விரலை ஆட்டிவிட்டுப் போனார்.

கடையில் இருப்பதில்லை. மாடியறையில் என் கட்டிலுக்கடியில் ஒரு சிறு மண்சட்டியில் சுண்டக்கறி இருக்கிறது. வாசம் வீட்டுக்காரச் சீனருக்கு எட்டுமோ என்று பயந்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தினமும் விடிந்ததும் அதைக் கொதிக்கவைக்கிறேன். ஒரு நாளும் விட்டதில்லை. பிறகு சட்டியை உள்ளே தள்ளிவிட்டு, கீழே இறங்கிப்போய், கொஞ்சமும் ஊசாத நேற்றைய சாம்பாரைச் சாக்கடையில் கொட்டுகிறேன்.