தங்கை கொடுத்த பாதி

திருச்செங்கோட்டுக் குழந்தைவேல் இருபது வயதில் ரிக் வண்டியில் ஏறியவர். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் அந்த வண்டியோடு ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று அலைந்தே தலை நரைத்துவிட்டது. எந்த ஊரானாலும் காட்சி ஒன்றுதான். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து நிற்பார். குழியிலிருந்து பறக்கும் வெள்ளைப் புழுதி எப்போது ஈரமாகும் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த முகங்களைக் குழந்தைவேல் ஒருநாளும் நின்று கவனித்ததில்லை.

சேலத்து மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் அறையில் இன்று அதே முகத்தோடு அவரே நின்றார். கட்டிலில் தங்கை வசந்தாமணி படுத்திருந்தாள். தந்தை அப்புசாமிக்குக் கல்லீரல் கெட்டுப்போனபோது, தன்னுடையதில் பாதிக்கு மேல் அறுத்துக் கொடுத்தவள் அவள். தந்தை தேறிவிட்டார். தங்கையிடம் மீந்த துண்டு வளர்ந்திருக்கிறதா, அதற்குள் இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

கொடுத்திருக்க வேண்டியவர் குழந்தைவேல்தான். பரிசோதனையில் அவருக்கும் எல்லாம் பொருந்தியிருந்தது. அறுத்த கல்லீரல் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்று மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். போர்க்குழிக்குள் கழன்று விழுந்த துளையிடும் சுத்தியல் மேலே வராமலே போனதை எத்தனையோ முறை கண்ட அவருக்கு அது மனத்தில் ஏறவில்லை.

“வெட்டுனது எங்கீங்க வளரும்? இந்த சீசன் முடியட்டுங்க, பாக்கலாம்” என்று வண்டியேறிவிட்டார்.

சீசன் முடிந்து திரும்பியபோது வசந்தாமணி சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தாள்; அறுவை சிகிச்சையும் முடிந்திருந்தது. யாரும் அவரை ஏசவில்லை. வாய்க்கு வாய் செல்லமாகச் ‘சாமி’ என்று அழைத்துவந்த தந்தை மட்டும், அதன்பின் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்.

மருத்துவர் சௌந்தர்யா வசந்தாமணியின் வயிற்றில் பசையைத் தடவி, கருவியை விலாவுக்கடியில் அழுத்தினார். திரையில் சாம்பல் நிறம்தான் அசைந்தது.

“ஏன் அம்மிணி, வலிக்குதா?” என்றார் குழந்தைவேல்.

“வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்கண்ணா. உங்க ஈரல் பத்தரமா இருக்குதுங்களா?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

“சிரிக்காதீங்க, மூச்சப் பிடிச்சுக்குங்க” என்றார் மருத்துவர். சாம்பலின் நடுவே சிவப்புப் பட்டை ஒன்று மினுங்கியது. கருவியிலிருந்து காற்று வீசுவதுபோல் சீரான இரைச்சல் எழுந்தது.

“கேக்குதா? கல்லீரலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய். நல்லா ஓடுது. அளவும் கிட்டத்தட்டப் பழையபடி வந்திருச்சு.”

எத்தனையோ குழிகளில் தண்ணீர் கண்டவர், காட்டுக்காரரைப் போலத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கைக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்த நிம்மதி நெஞ்சில் இறங்கி முடிவதற்குள், தனக்கும் ஒன்றும் குறைந்திருக்காது என்பது உறைத்தது. வளர்ந்துவிடுகிற ஒன்றைத்தான் அவர் பூட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் அப்புசாமி காத்திருந்தார்.

“என்ன சாமி சொன்னாங்க?” என்று மகளைக் கேட்டார்.

“வளந்திருச்சுங்கப்பா” என்றாள் வசந்தாமணி.

அவர் மகளின் கையைப் பற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்தே மகன் நிற்பதைக் கண்டார்.

“குழந்தவேலு, காரை வாசலுக்குக் கொண்டா. புள்ள நடக்கவேண்டாம்.”

“சரீங்கப்பா.”

படியிறங்கும்போது குழந்தைவேலின் கை தானாகவே வலது விலாவுக்கடியில் போய் நின்றது. அங்கே எல்லாம் முழுதாக இருந்தது.