தண்ணீருக்கும் டிபி: திருநகர் லேபுக்கு ஒரு சனிக்கிழமைப் பயணம்

போன வாரம் முழுக்க அண்ணியின் போனில் "கழுத்துக் கட்டி, பிசிஆர் டெஸ்ட், மதுரை" என்று தேடிக்கொண்டே இருந்தேன். விளம்பரங்கள்தான் வந்தன. போய்விட்டு வந்தவர்கள் யாரும் எழுதியிருக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள்ளிருந்து தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிளஸ் ஒன். வீடு விளாங்குடி. காதுக்குப் பின்னால், கழுத்தோரம் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருப்பதைத் தலை பின்னும்போது அண்ணிதான் கண்டுபிடித்தார். கோச்சடையில் ஒரு டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போனதும் அவர்தான். டாக்டர் ஊசியால் கட்டியிலிருந்து துளி எடுத்து, டிபியாகவும் இருக்கலாம் என்று திருநகர்ப் பக்கம் ஒரு தனியார் லேபுக்கு அனுப்பினார். பிசிஆருக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணிக்கு ஐந்து மாதக் குழந்தை. பள்ளி விட்டு வந்தால் அவன் என் இடுப்பில்தான் இருப்பான். எனக்கு டிபி என்றால் அவனுக்கும் கொடுத்திருப்பேனே? அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளியையும் நிறுத்திவிடுவார். மஞ்சள் காமாலைக்காக ஒரு மாதம் நின்ற என் சித்தப்பா மகள் திரும்பப் பள்ளிக்குப் போகவே இல்லை.

சனிக்கிழமை ரிசல்ட். மாசி வீதியில் பிள்ளைக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லி, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினோம். விளாங்குடியிலிருந்து பெரியார் பஸ் நிலையம் ஆறு கிலோமீட்டர் இருக்கும், அரை மணி நேரம். அங்கிருந்து திருமங்கலம் ரோட்டில் திருநகர், இன்னொரு முப்பத்தைந்து நிமிடம். இரண்டுமே பெண்களுக்கு இலவச டவுன் பஸ். திருநகர் ஸ்டாப்பில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய்.

"லேப்புக்கா? யாருக்கு, சுகரா?" என்றார் ஆட்டோக்காரர்.

"எனக்குத்தாண்ணே. வாய் எம்புட்டு நீளம்னு அளக்கப் போறேன்" என்றார் அண்ணி. ஆட்டோக்காரர் சிரித்துக்கொண்டே ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

லேப் கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, காய்கறி விலை சொல்வதுபோல், "டிபி பாசிட்டிவ்மா" என்றார். அண்ணியிடமிருந்து தள்ளி உட்காரப் போனேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "எங்க போற? அம்புட்டு தூரத்துலருந்தா கத்திக் கத்திப் பேசுறது?"

அப்போதுதான் உள்ளேயிருந்து வெள்ளைக் கோட்டு போட்ட அக்கா ஒருவர் ஓடி வந்தார். "அண்ணே, இன்னைக்கு ஓட்டுன பேட்ச் ரிசல்ட்ட குடுக்காதீங்கன்னு சொன்னேன்ல! தண்ணியும் பாசிட்டிவ் வந்திருக்கு!"

"தண்ணிக்குமா டிபி?" என்றார் அண்ணி.

அந்த அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எங்களுக்கு விளக்கினார். ஒரு துளியில் கிருமி இருந்தாலும் அதன் டிஎன்ஏ கண்ணுக்கே தெரியாத அளவுதான் இருக்கும். அதனால் பிசிஆர் மெஷின் அதைப் பெருக்குகிறது. சூடாக்கினால் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரியும். ஆற வைத்தால், நாம் தேடும் பகுதியின் ஓரத்தில் பிரைமர் என்ற சின்னத் துண்டு போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து ஒரு நொதி புது இழையைக் கட்டும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். முப்பது, நாற்பது சுற்றில் கோடிக்கணக்கில் பெருகிவிடும். பாடத்தில் படித்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

ஒவ்வொரு முறையும் நோயாளிகளின் டியூப்களோடு வெறும் தண்ணீர் ஊற்றிய டியூப் ஒன்றையும் ஓட்டுவார்களாம். அதில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால், வெளியிலிருந்து ஏதோ உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம், அந்த பேட்ச்சில் வந்த பாசிட்டிவ் எதையும் நம்ப முடியாது.

"என்ன புகுந்துச்சுக்கா?" என்றேன்.

"பேனா" என்றார் வெறுப்போடு. பெருக்கிய டியூப்களைத் திறக்கும் அறை பின்பக்கம், புதிதாகக் கலக்கும் அறை முன்பக்கம். அங்கிருந்து ஒரு துரும்புகூட இங்கே வரக் கூடாது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் பின் அறையின் மார்க்கர் பேனாவைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வந்து, முன் அறையில் டியூப்களுக்கு நம்பர் போட்டிருக்கிறார். பேனாவில் ஒட்டியிருந்த, ஏற்கெனவே பெருக்கிய டிஎன்ஏ எல்லா டியூப்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. "ஒரு மார்க்கரால எம்புட்டுப் பேரு அழுக வேண்டியிருந்திருக்கும், பாரு" என்றார் அந்த அக்கா.

எல்லாவற்றையும் துடைத்து, புது ரசாயனக் கலவையில், மீதமிருந்த என் துளியை மறுபடி ஓட்டினார்கள். மூன்றரை மணி நேரம். எதிரே சின்ன ஓட்டல், இரண்டு தயிர்சாதம் எண்பது ரூபாய். என் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. அண்ணி தன்னுடையதைத் தின்றுவிட்டு என்னுடையதையும் தின்றார். பயத்தில் அவருக்குப் பசிக்குமாம்.

இரண்டரைக்கு அந்த அக்கா வந்து, முதலில் தண்ணீரைப் பற்றித்தான் சொன்னார். "தண்ணி சுத்தமா இருக்கு. நீயும் நெகட்டிவ்."

பைபாஸ் வழியாகக் கோச்சடைக்கு ஆட்டோவில் நூற்று எண்பது ரூபாய். பிசிஆர் ரிப்போர்ட்டையும், அதே துளியை நுண்ணோக்கியில் பார்த்து ஏற்கெனவே வந்திருந்த ரிப்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்தார் டாக்டர். பிசிஆர் நெகட்டிவ் என்பதாலேயே விட்டுவிட முடியாது என்று சொல்லிக்கொண்டே என் முடியைப் பிரித்துப் பார்த்தார். பின்மண்டையில் சொறிந்து சொறிந்து வந்த புண்கள். பேன்! அதனால்தான் கட்டி வீங்கியிருக்க வேண்டும் என்று மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். குழந்தையைப் பற்றிக் கேட்டேன். இந்த மாதிரிக் கழுத்துக் கட்டி டிபி மட்டும் என்றால் தூக்கியதாலேயே பரவாது, மாத்திரை போட்டுக்கொண்டு பள்ளிக்கும் போகலாம் என்றார். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சாப்பிட்டுவிட்டே போகலாம். அரசு ஆஸ்பத்திரியில் டிபி பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கவுண்டரில் யார் வாயால் சொன்னாலும் நம்பாதீர்கள், கையெழுத்திட்ட ரிப்போர்ட்டைக் கேளுங்கள். தண்ணீர் டியூப் என்ன சொன்னது என்றும் தயங்காமல் கேளுங்கள். முக்கியமாக, வீட்டுக்குத் தெரியாமல் போகாதீர்கள். எனக்கு அண்ணி இருந்தார். எல்லோருக்கும் இருக்க மாட்டார்.

நாளைக் காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பள்ளியிலிருந்து பேன் கொண்டுவந்ததற்கு ஒன்று, டாக்டரிடம் ஒளிந்து போனதற்கு ஒன்று என்று நிச்சயம் இரண்டு அடி விழும். அந்த ரிசல்ட்டுக்கு மட்டும் எந்த மெஷினும் வேண்டாம். பரவாயில்லை, இப்போது தூக்கம் வருகிறது.