எந்த விசிறியிலும் இல்லாத பெயர்

மிஸ் ஆர்லீத்தா ஸ்டால்வொர்த்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் வெறும் இரண்டு வெள்ளைக் கையுறைகளாகத்தான் இருந்தார். 2020 மே மாதம், ஞாயிறு காலை பத்து மணி. அலபாமாவின் தெற்குக் கோடியில், பிண்டர்ஸ் கிராஸிங் சாரோன் சபையின் செம்மண் வளாகத்துக்குள் அம்மாவை ஏற்றிக்கொண்டு காரைத் திருப்பினேன். அம்மா பிறந்த சபை அது. நான் வளர்ந்தது பன்னிரண்டு மைல் தள்ளி, அப்பா வழிச் சபையில். தொற்றுக்குப் பயந்து கதவைப் பூட்டிவிட்டு, ஆராதனையை அவரவர் காரில் உட்கார்ந்தபடி வெளியிலேயே நடத்தினார்கள். தரையிலிருந்து வெயில் கானலாக எழுந்து ஆட, அதன் நடுவே இரண்டு வெள்ளைக் கைகள் மிதந்து வந்தன. ஒன்று உயர்ந்து என்னை நிறுத்தியது. முகக்கவசமும் வெள்ளைச் சீருடையும் அப்புறம்தான் கண்ணுக்குத் தட்டுப்பட்டன.

"வில்லாடீன் மகனா நீ? வீட்டுல உக்காந்தபடியே கம்ப்யூட்டர்ல பட்டம் வாங்கினவன்?"

"ஆமாங்க, மேடம்."

"அப்ப எண்ணத் தெரியும்ல. உங்கம்மா இடது பக்கம் நாலாவது பெஞ்சு. நாலாவது வரிசையில போய் நிறுத்து. மூணாவதுல நிறுத்தினீன்னா டீக்கன் சாமர்ஸ் பொஞ்சாதி முறைச்சே உன்னைச் சாகடிச்சிரும்."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அந்தப் படிப்பு அன்றைக்கு நாலு வரை எண்ண உதவியது.

சபைக்குள்ளே எந்தக் குடும்பம் எந்தப் பெஞ்சில் உட்காருமோ, அதே ஒழுங்கில்தான் கார்கள் நின்றன. நடுவில் பாதை விட்டு, வலது பன்னிரண்டு, இடது பன்னிரண்டு. போதகரின் குரல் எல்லா கார் ரேடியோக்களிலிருந்தும் ஒரே நேரத்தில் கசிந்தது. கண்ணை மூடினால் அது மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஹாரன் அடித்தார்கள். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, மறு கையால் காற்றைத் தடவுவதுபோல் சைகை காட்டியபடி மிஸ் ஆர்லீத்தா அந்தப் பாதையில் நடப்பார். வருபவர்களை வரவேற்று அவரவர் இடத்தைக் காட்டும் வாசல் ஊழியத்துக்குப் பத்தொன்பது வருடமாக அவர்தான் தலைவி. வார நாட்களில் பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு ரொட்டி சுடுவார். வயது அறுபத்தொன்று. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

வரிசைக்கு வெளியே, வேலியோரத்துப் பீக்கான் மரத்தடியில், வெளுத்த நீல டிரக் ஒன்று நிற்கும். அதில் க்ளியோஃபஸ் டுபோஸ். இருபத்தாறு வருடமாக ஞாயிறுதோறும் மனைவி நெட்டியைக் கொண்டுவந்து இறக்குவார்; வாசல் தாண்டமாட்டார்; டிரக்கிலேயே உட்கார்ந்திருப்பார். கோபமா, கூச்சமா, வெறும் பழக்கமா, யாரும் கேட்டதில்லை. நெட்டி போன பிறகும் அவர் வருவது நிற்கவில்லை.

"உன்னை உள்ள வரவைக்க முடியாம ஆண்டவர் எங்க எல்லாரையும் வெளிய தள்ளிட்டாரு, க்ளியோஃபஸ்" என்றார் மிஸ் ஆர்லீத்தா ஒருநாள்.

"நான் அப்பவே சொன்னேன், வெளியதான் காத்து நல்லா வருதுன்னு."

நெட்டி போனது ஏப்ரலில். வலது பக்கம் மூன்றாவது பெஞ்சு, பாதையோர முனை. சிறுவயதிலிருந்தே ஆர்லீத்தாவின் தோழி. நகரத்து மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை. யாரையும் உள்ளே விடவில்லை. கல்லறையில் பத்துப் பேர், ஆளுக்கு ஆறடி தள்ளி. ஆர்லீத்தாவை அறுத்தது அதுகூட இல்லை. அதற்கு முன் நெட்டி நாலு நாள் வீட்டில் இருமியிருக்கிறாள்.

"நாலு நாள்" என்று தன் வாசல் ஊழியப் பெண்களிடம் சொன்னார். எட்டுப் பேரையும் சபை முற்றத்தில் எட்டுத் திக்கில் நிறுத்தியிருந்தார். "அந்த நாலு நாளும் நான் பிள்ளைங்க வீட்டுக்கு அனுப்ப ரொட்டி சுட்டுட்டு இருந்தேன். 'எப்படி இருக்கே'ன்னு ஒரு வாய் கேக்கல. இனி இந்தச் சபையில ஒருத்தர் மூச்சு முட்டிக் கெடக்க, நமக்குத் தெரியாம இருக்கக்கூடாது."

ஓரமாக நின்ற சபை நிர்வாகி டீக்கன் சாமர்ஸ் தொண்டையைச் செருமினார். "அரசாங்கம் ஒரு நம்பர் குடுத்திருக்கே, சிஸ்டர்."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பாட்டு போடுது."

"நல்ல பாட்டா?"



சபைக்குள்ளே சவ அடக்கக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த அட்டை விசிறிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. குச்சி வைத்த விசிறி. முன்பக்கம் படம், பின்பக்கம் வெறுமை. மிஸ் ஆர்லீத்தா பெஞ்சுக்கு ஒன்றாக இருபத்து நாலு விசிறி எடுத்து, பின்னால் அந்தப் பெஞ்சுக்காரர்களின் பெயர்களை எழுதினார். ஊழியப் பெண் ஒருத்திக்கு மூன்று விசிறி. தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லாரையும் போனில் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும்: சாப்பிட்டியா? மூச்சு எப்படி? மருந்து எத்தனை நாளுக்கு இருக்கு? இன்சுலின் போடுகிறவர் பெயருக்கு நீலப் புள்ளி. ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருப்பவருக்குச் சிவப்பு. வலது பக்கம் மூன்றாவது பெஞ்சை எழுதும்போது பழக்க தோஷத்தில் கை முதலில் 'நெட்டி டுபோஸ்' என்று எழுதிவிட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கோடு போட்டு அடித்தார்.

கோடை கனவுபோல் நீண்டது. ஒன்பது மணிக்கு ஊரெங்கும் தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக மணியடிப்பது, ஜன்னல்கள் திறந்திருக்கும் தெருவில், ஏதோ பறவைக் கூட்டம் மரம் மாறுவதுபோல் கேட்கும். "பாட்டு பாடிக் காட்டு, மூச்சு எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்குறேன்" என்று அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான சிஸ்டர் பெட்வே ஒரு கிழவரைக் கேட்க, அவர் ஐந்து சரணமும் பாடி முடித்துவிட்டு, "உனக்கு மூச்சு இருக்கா?" என்றாராம். சாரோன் சபையில் அதன் பிறகு அடக்கம் ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் பாதியில் பீக்கான் மரத்தடி காலியானது. க்ளியோஃபஸை அவர் அண்ணன் மகள் வந்து கூட்டிப்போய்விட்டாள் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று மிஸ் ஆர்லீத்தா விசாரிக்கவில்லை.

செப்டம்பரில் புயல் அறிவிப்பு வந்தது. கரண்ட் ஒரு வாரம் இருக்காது என்றார்கள். அவர் புள்ளி வைத்த விசிறிகளை மேசையில் பரப்பினார். நீலம் ஐந்து, சிவப்பு இரண்டு. மான் வேட்டைச் சங்கத்தில் ஒரு ஜெனரேட்டர், சவ அடக்கக் கடையில் ஒன்று. "பொணத்துக்குக் குளிர்ச்சி வேணுமே, சிஸ்டர்" என்று கடைக்காரர் இழுத்தார். "இத நீ குடுக்கலேன்னா உனக்கு வேலை நெறைய வரும். அந்தக் காசு ஒட்டாது" என்றார் இவர். செவ்வாய் மாலைக்குள் ஏழு பேரும் சபைக் கூடத்தில், இடைவெளி விட்டுப் போட்ட கட்டில்களில் இருந்தார்கள். இன்சுலின் ஐஸ் பெட்டியில். அடுப்பில் பீன்ஸ்.

புயல் வந்து, ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது.

புதன் காலை பத்து மணிக்கு, ஞாயிறு இல்லாவிட்டாலும், யாரும் கூப்பிடாமலே கார்கள் வளாகத்துக்கு வந்தன. வழக்கம்போல் அவரவர் வரிசையில் நின்றன. வானம் கழுவிய வெள்ளித்தட்டுபோல் இருந்தது. ஒரு குளிர்சாதனப் பெட்டியின் முனகல்கூட எங்கும் இல்லாத அமைதி. இருபத்து நாலு விசிறிகளையும் மிஸ் ஆர்லீத்தா ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தார். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. அவர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

பீக்கான் மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. டீக்கன் அதைச் சுற்றி வந்து, "ஸ்தோத்திரம்! க்ளியோஃபஸ் மட்டும் கீழே இருந்திருந்தான்னா அப்பளமா நொறுங்கியிருப்பான்" என்றார்.

மிஸ் ஆர்லீத்தா கண்ணைத் திறந்தார்.

"க்ளியோஃபஸ் யாரு விசிறியில?"

எட்டுப் பேரும் தங்கள் விசிறிகளைத் திருப்பிப் பார்த்தார்கள். முன்னும் பின்னும் பார்த்தார்கள்.

"அண்ணன் மக கூட்டிட்டுப் போனாள்ல?" என்றாள் ஒருத்தி.

சிஸ்டர் பெட்வே மெல்லச் சொன்னாள்: "போனாரு. ஆனா திரும்பிட்டாரு போல. போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டு முன்னால ஒரு வேன் நின்னுச்சு. ஏதோ மெஷின் இறக்கினாங்க. நான் ஏசின்னு நெனச்சேன், சிஸ்டர்."

வலது மூன்றாவது விசிறியை மிஸ் ஆர்லீத்தா தன் கையில் வாங்கினார். அதில் ஒரு பெயர், அதன் மேல் ஒரு கோடு. பெஞ்சில் உட்கார்ந்தவர்களைத்தான் அவர் எழுதினார். நெட்டியை அடித்தபோது அந்த வீடே பட்டியலிலிருந்து போய்விட்டது. பத்தொன்பது வருடம் வாசலில் நின்று, கண்ணெதிரே நின்ற டிரக்கை அவர் எந்தப் பெஞ்சிலும் சேர்த்ததில்லை.

டீக்கன் மோட்டார் ரம்பத்தை எடுத்து வண்டியில் போட்டார். க்ளியோஃபஸ் வீட்டுக்கு நாலு மைல். மூன்றாவது மைலுக்கு மேல் பாதை முழுக்கப் பைன் மரங்கள். டீக்கன் அறுக்கத் தொடங்கினார். மிஸ் ஆர்லீத்தா காத்திருக்கவில்லை. வெள்ளைச் சீருடையோடு மரங்களின் மேலே ஏறி இறங்கி நடந்தார். முறிந்த பைனின் வாசம் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. பருத்திக் காட்டில் தண்ணீர் நின்றது. வெடித்த பஞ்சு அறுந்த கம்பிகளில் பறந்து ஒட்டியிருக்க, தண்ணீரில் நின்ற கொக்குகளையும் பஞ்சையும் பிரித்தறிய முடியவில்லை. ஒரு கணம் நெட்டி பக்கத்தில் நடந்து வருவதாகவே தோன்றியது. "நீ பேசாதே. எங்கிட்ட இப்ப பதில் இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னார்.

பிறகு ஓர் இன்ஜின் சத்தம் கேட்டது. நகராமல் ஒரே இடத்தில் உறுமும் சத்தம்.

வீட்டு முற்றத்தில் நீல டிரக். ஜன்னல் இறக்கியிருந்தது. க்ளியோஃபஸ் ஸ்டியரிங்கின் முன்னே உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், பக்கத்து இருக்கையில் ஆக்ஸிஜன் மெஷின், அதன் வயர் சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் செருகியிருந்தது. அண்ணன் மகள் அவரைக் கூட்டிப்போனது ஆஸ்பத்திரிக்குத்தான் என்பது அந்தக் குழாயிலேயே தெரிந்தது.

"யாரு, ஆர்லீத்தாவா? மணி என்ன?"

"பதினொண்ணரை. பெட்ரோல் எவ்வளவு இருக்கு?"

"முள்ளு படுத்து ஒரு மணி நேரமாச்சு. படுத்துக்கிட்டே ஓடுது. என்னை மாதிரி வீம்பு பிடிச்ச வண்டி."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னய்யா?"

அவர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "யாருகிட்ட? தினம் ஒம்பது மணிக்குப் பக்கத்து வீட்டுல போன் அடிக்கும். என் வீட்டுல அடிக்காது. சபையில எடம் நெட்டிக்குத்தான் இருந்திருக்கு, நமக்கு இல்லன்னு வெச்சுக்கிட்டேன்."

மிஸ் ஆர்லீத்தா டிரக் கதவைப் பிடித்துக்கொண்டார். கையுறை செம்மண்ணாகியிருந்தது.

"நான்தான் பண்ணினேன். அவ பேரை அடிக்கும்போது உன் வீட்டையும் சேத்து அடிச்சிட்டேன்."

"அழுத்தியா அடிச்சே?"

"அழுத்தித்தான்."

"ம்" என்றார் அவர். மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, "அவளும் அழுத்தித்தான் எழுதுவா" என்றார்.

இன்ஜின் ஒருமுறை இருமியது. மிஸ் ஆர்லீத்தா பாதைப் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடமே அடங்கிப்போகும் அந்தக் குரலில், "டீக்கன்!" என்று கத்தினார். கடைசி மரத்தைத் தாண்டி டீக்கன் ஓடி வந்தார், கையில் ரம்பத்துக்கான பெட்ரோல் கேன்.

"இதுல எண்ணெய் கலந்திருக்கு, சிஸ்டர்."

"அவன் மூச்சுல கலக்கலைல? ஊத்துங்க."

ஊற்றினார். டிரக் நீலப் புகை கக்கி, மறுபடி சீராக உறுமியது. பாதை திறந்ததும் மிஸ் ஆர்லீத்தாவே ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் க்ளியோஃபஸ் மெஷினை மடியில் வைத்துக் கண்மூடி இருந்தார்.

சபை வாசலில் கட்டில் தயாராக இருந்தது. க்ளியோஃபஸ் கதவைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"நான் இங்கயே இருந்துக்கறேன்."

"இன்னிக்குமா?" டீக்கன் வெடித்தார். "சாகக் கெடந்த மனுஷன், இன்னும் என்னய்யா வீறாப்பு?"

மிஸ் ஆர்லீத்தா அவரை ஒரு விரலால் அடக்கினார். உள்ளே போனவர் நூறடி வயரை எடுத்து வந்தார், போதவில்லை, இன்னொன்றை அதோடு இணைத்தார். சபைக்குப் பின்புறம் ஓடிய ஜெனரேட்டரிலிருந்து பெஞ்சுகளுக்கு நடுப்பாதை வழியாக, வாசற்படி இறங்கி, செம்மண்ணில் நெளிந்து, சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில் நின்ற டிரக்கின் ஜன்னல் வரை அந்த ஆரஞ்சு வயர் வந்தது. மெஷினை அதில் மாற்றிவிட்டு இன்ஜினை அணைத்தார். குழாயில் காற்று நிற்கவில்லை. ஒரு தட்டு பீன்ஸும் சோள ரொட்டியும் ஜன்னல் வழியாகப் போயின.

பிறகு புது விசிறி ஒன்றை எடுத்து, மேலே 'வெளியே' என்று எழுதி, கீழே க்ளியோஃபஸ் டுபோஸ் என்று எழுதி, சிவப்புப் புள்ளி வைத்தார்.

எட்டிப் பார்த்த சிஸ்டர் பெட்வே சொன்னாள்: "வெளியேன்னா இன்னும் ஆளு இருக்காங்களே, சிஸ்டர். மில்லுக்குப் பின்னால அண்ணன் தம்பி ரெண்டு பேர். டிரெய்லர் வீட்டுல மெக்ஸிகோக் குடும்பம், கைக்குழந்தை வேற. அவங்க எந்தச் சபைக்கும் போறதில்ல."

"பேர் தெரியுமா?"

"தெரியாது."

"போய்க் கேட்டுட்டு வா. மூணு கேள்வியையும் சேத்துக் கேளு."

அன்று மாலைக்குள் அந்த விசிறி நிரம்பி, அடுத்தது தொடங்கியது. கரண்ட் ஒன்பதாம் நாள் வந்தது. அதுவரை டிரக் அங்கேயே நின்றது. வயரை யாரும் மிதிக்காமல் தாண்டிப் போனார்கள்.

அடுத்த வருடம் தடுப்பூசி வந்தபோது அதே விசிறிகளை வைத்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டார்கள். க்ளியோஃபஸ் இப்போது மொபீல் நகரத்தில் அண்ணன் மகள் வீட்டில் இருக்கிறார். இரவில் மட்டும் மெஷின் தேவைப்படுகிறது. மிஸ் ஆர்லீத்தா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். வலது முழங்காலுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிண்டர்ஸ் கிராஸிங்கில் அதே வீட்டில் தனியாக வாழ்கிறார். 'வெளியே' என்று எழுதிய விசிறிகள் ஆறு இருக்கின்றன. அந்த ஆறையும் அவரே வைத்திருக்கிறார், காலை ஒன்பது மணிக்கு அந்தப் பெயர்களை அவரே கூப்பிடுகிறார்.