அடுப்படியில் ஏறிய பொதிகை

செவலை சினையாக இருந்ததால்தான் அந்த வருஷம் எங்களுக்கு அவ்வளவு அவசரம். செவலை எங்கள் வீட்டுப் பசு. சித்திரை போனால் அதன் கறவை வற்றிவிடும். எங்கள் கூட்டம் பொதிகை மலை ஏறுவதோ சித்திரைப் பௌர்ணமிக்கு. அதற்குள் என் வீட்டுக்காரி அன்னத்தாய் ஒரு வழி கண்டுபிடித்தாக வேண்டும்.

முந்தின வருஷம், தொண்ணூற்று மூன்றில், எனக்கு மஞ்சள்காமாலை. விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை. அதற்குப் போக முடியாமல் பாயோடு கிடந்தேன். கண்ணைத் திறந்தால் மோர், மூடினால் மோர். எல்லாம் செவலை தந்தது. ஒரு நாள் அன்னத்தாய் வாசலில் நின்று மேற்கே மலையைப் பார்த்துக் கையெடுத்தாள். "அகத்தியரே, இந்த மனுஷனை எந்திரிச்சு நடக்க வச்சிரும். எங்க செவலை பாலை உம்ம உச்சிக்கே வந்து ஊத்துதேன்" என்று நேர்ந்துகொண்டாள்.

அவர் கிருபையால் நான் எழுந்து நடந்துவிட்டேன். பிறகுதான் சிக்கல். காரையாறு அணையில் படகு ஏறி, பாணதீர்த்தத்தில் இறங்கி, கன்னிக்கட்டி, பூங்குளம் என்று தங்கித் தங்கிப் போனால் மூன்றாம் நாள்தான் உச்சி. கறந்த பால் அதுவரை தாங்குமா?

கூட்டத்தை அழைத்துப் போகிறவர் திருஞானசம்பந்தம் அண்ணாச்சி. அரிசிக்கடை வைத்திருந்தார். அந்தக் கடையில்தான் யார் யார் வருவது, என்ன சுமப்பது என்ற பேச்செல்லாம் நடக்கும். நாங்களும் போய் விஷயத்தைச் சொன்னோம்.

"பால் பவுடர் வாங்கிக்கோ தாயி," என்றார் அண்ணாச்சி. "போன வருஷம் நானே அதத்தான் கரைச்சு ஊத்துனேன். சாமி ஒண்ணும் சொல்லல."

"அந்தப் பாலை யாரு கறந்தா அண்ணாச்சி?"

"எனக்கென்ன தெரியும்? ஏதோ மாடு."

"ஏதோ மாடுன்னு நான் நேரலையே."

என்னோடு மில்லில் வேலை பார்க்கும் குற்றாலலிங்கமும் அங்கே மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "அப்போ செவலையையே கூட்டிட்டு வாங்க மதினி. படகுல எனக்குப் பக்கத்துல உக்கார வச்சிருவோம்."

"அட்டை கடிச்சாக்கூட அது தாங்கிரும் கொழுந்தனாரே. உம்ம பேச்சைத் தாங்காது."

கடையே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "தயிரா உறைய வச்சிக் கொண்டு வாயேன்?"

"பாலுன்னுல்லா சொல்லியிருக்கேன்."

"சரி. பங்குனி முடியுததுக்குள்ள வழி சொல்லு. இல்லன்னா பவுடர்தான். மலையில போயி பாலைக் காணோம், பானையைக் காணோம்னு கண்ணைக் கசக்கக் கூடாது."

மறுநாள் கறந்ததும் அன்னத்தாய் சொன்னாள்: "காய்ச்சிக் காய்ச்சி வச்சா பாலு கெடாதுல்லா? தங்குத இடத்துல எல்லாம் அடுப்பு கூட்டுவாவ. அங்கன அங்கன காய்ச்சிக்கிடுவோம். முதல்ல இங்கன ஏறிப் பாப்போம்."

இங்கே எங்கே ஏறுவது? எனக்கு விளங்கவில்லை. பாலைக் காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். கிணற்றடிதான் பாணதீர்த்தம், கோழிக்கூடு கன்னிக்கட்டி, மாட்டுத்தொழுவம் பூங்குளம் என்று அவளே பேர் வைத்தாள்.

"என்ன நிக்கிய? நடங்க. ஏத்தம் வந்தாச்சு."

"மூச்சு வாங்குதுட்டி."

"வாங்கட்டும். உச்சிக்கு இன்னும் கெடக்கு. பைய நடங்க, தளும்புது பாருங்க."

நான் கோழிக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்த அக்கம்பக்கத்தார், காமாலை மூளைக்கு ஏறிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். ஒவ்வொரு தங்கலிலும் அவள் பாலை வாங்கி மறுபடி காய்ச்சுவாள். இப்படியே மறுநாளும். மூன்றாம் நாள் உச்சிக்குப் போகும் முன் மூடியைத் திறந்தால் பாலைக் காணோம். அடியில் வெல்லம் போடாத திரட்டுப்பால் மாதிரி ஒரு கட்டி கிடந்தது.

"அகத்தியருக்கு ஆவியாவே போய்ச் சேந்துட்டு போல," என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கட்டியை எடுத்து மோந்து பார்த்தாள். "புளிக்கல. பாத்தியளா?" என்றவள், வெந்நீரை ஊற்றி அகப்பையால் மசித்தாள். கையால் பிசைந்தாள். வெள்ளைத் துணியில் வடித்தாள். கிண்ணத்தில் பால் இறங்கியது!

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. தீயைச் சிறுசாக வைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டிக் கிண்டிச் சுண்டவைத்தாள். உருண்டையாக்கித் துணியில் முடிந்து விட்டத்தில் கட்டினாள். மலை ஏற ஆகும் மூன்று நாள் கழியும் வரை அதைத் தொடவில்லை. அப்புறம்தான் அண்ணாச்சியை வரச்சொன்னாள். குற்றாலலிங்கமும் கூடவே வந்துவிட்டான்.

அண்ணாச்சி உருண்டையைப் பார்த்தார். "தண்ணி ஊத்துனா பாலாயிரும், அதானே? பவுடரும் அப்படித்தானே தாயி?"

அவர் சொல்வதும் நியாயம்தானே?

அன்னத்தாய் அசரவில்லை. "ஆமா அண்ணாச்சி, அதேதான். ஆனா இது செவலையோடது."

கரைத்து வடித்த பாலில் குற்றாலலிங்கம் விரலை விடப் போனான். அகப்பையால் ஒன்று வைத்தாள். "சாமிக்கு முந்தி உமக்கா?"

"ருசி பாக்காம பாலா, சுண்ணாம்புத் தண்ணியான்னு எப்படி மதினி தெரியும்?"

அவள் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள். "பாலுன்னா பொங்கணும்லா."

நாலு பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் ஒன்றுமில்லை, வெறும் ஆவிதான். நான் மனசுக்குள் அகத்தியரைக் கூப்பிட்டேன். மேலே மெல்ல ஒரு ஆடை சுருங்கியது. ஓரத்தில் நுரை கட்டியது. கட்டியதுதான் தெரியும், மளமளவென்று ஏறி வழிந்தது. தீ சுர்ரென்றது. அன்னத்தாய் அதை இறக்காமல் குலவை போட்டாள். குற்றாலலிங்கம்கூட வாயை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "படகுல உனக்குத்தான் முதல் இடம் தாயி. அந்த உருண்டை உன் மடியிலயே இருக்கட்டும்."

சித்திரையில் போனோம். பூங்குளத்தில், எங்கள் தாமிரபரணி பிறக்கும் தண்ணீரில் அதைக் கரைத்துக் காய்ச்சி, தூக்குவாளியை அவளே சுமந்தாள். என்னிடம் தரவில்லை. கடைசிப் பாறையில் வடக்கயிற்றைப் பிடித்து ஏறியபோதும் ஒரு சொட்டுத் தளும்பவில்லை. மேலே மஞ்சு மூடியிருந்தது. அகத்தியர் சிலையின் தலையில் ஊற்றியதும் தோள், மார்பு, பாதம் என்று வெள்ளையாக வழிந்தது. அண்ணாச்சி தம் பையிலிருந்த பவுடரை வெளியே எடுக்கவே இல்லை.

வீடு திரும்பியதும் அக்கம்பக்கத்தார் விசாரிக்க வந்தார்கள். "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் நேரே தொழுவத்துக்குப் போனாள். செவலையின் கழுத்தைத் தடவி அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஏட்டி, உன் பாலை உச்சியில ஊத்தியாச்சு, பாத்துக்கோ."